ஃபுட் ஹேண்ட்லர் கார்டு: எப்போ எழுதணும், எங்க நிறுத்தலாம், ஃபெயில் ஆனா என்ன?

மார்ச், ஏப்ரல் வந்தாலே நம்ம ஹாஸ்டல்ல பாதிப் பேர் வாயில் "ஐ-20 வந்துச்சா?" என்ற ஒரே கேள்விதான். வந்தவர்களுக்கு அடுத்த கவலை, அங்கே போய் கைச்செலவுக்கு என்ன பண்றது என்பது. பெரும்பாலான சீனியர்கள் சொல்லும் பதில் கேம்பஸ் டைனிங் ஹால். அந்த வேலைக்கு ஒரு சின்ன ஆன்லைன் எக்ஸாம் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் முன்னாடியே சொல்வதில்லை.

போன வருஷம் வாஷிங்டன் மாநிலத்துக்கு எம்.எஸ். போன அக்கா ஒருத்தங்க நம்ம குரூப்பில் ஒரு வாய்ஸ் நோட் போட்டிருந்தாங்க. டைனிங் ஹாலில் வேலை கிடைத்திருக்கிறது. "கார்டு எடுத்துட்டு வா" என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். கூகுளில் முதலில் வந்த தளத்தில் பணம் கட்டி, ராத்திரி உட்கார்ந்து எழுதி, பாஸ் ஆகி, பி.டி.எஃப்.ஐ பிரிண்ட் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "இது இந்த மாநிலத்தில் செல்லாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பணம் போனதை விட, முதல் வார ஷிஃப்ட் வேறொருத்தருக்குப் போனதுதான் அவருக்கு வருத்தம்.

அந்த எக்ஸாமில் கேட்ட எதுவும் கஷ்டமாக இல்லை என்றும் அவரே சொன்னார். எந்தக் கார்டு, எந்தத் தேதிக்குள், எந்த விதிப்படி என்று தெரியாததால்தான் இந்த அலைச்சல். அதனால் கிளம்புவதற்கு முன்னாடியே இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதலில் இரண்டு எக்ஸாமையும் பிரித்துக்கொள்ளுங்கள்

தேடும்போது இரண்டு பெயர்கள் கலந்து வரும். ஒன்று ஃபுட் ஹேண்ட்லர். தட்டில் பரிமாறுபவர், காய் நறுக்குபவர், கிரில் பக்கம் நிற்பவர் போன்றவர்களுக்கானது. இரண்டு, மூன்று மணி நேர கோர்ஸ், அதன் முடிவில் ஒரு டெஸ்ட். கட்டணம் பெரும்பாலும் 15 டாலருக்குள் முடிந்துவிடும்.

இன்னொன்று ஃபுட் புரொடெக்‌ஷன் மேனேஜர். கிச்சனுக்குப் பொறுப்பானவர் எழுதுவது. உதாரணத்துக்கு, சர்வ்சேஃப் மேனேஜர் எக்ஸாமில் 90 கேள்விகள், 2 மணி நேரம், மேற்பார்வையாளர் கட்டாயம். பார்ட் டைமாகப் போகும் மாணவருக்கு இது தேவைப்படாது. "மேனேஜர்னா இன்னும் வெயிட்டா இருக்கும்ல" என்று நினைத்து இதை வாங்கிவிட்டால், பல மடங்கு பணமும் ஒரு மாதப் படிப்பும் வீண். வேலை கொடுப்பவர் எதைக் கேட்கிறார் என்று மெயிலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு

அமெரிக்கா முழுவதற்கும் ஒரே கார்டு என்று எதுவும் கிடையாது.

வாஷிங்டனில் இதன் பெயர் ஃபுட் ஒர்க்கர் கார்டு. வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் எடுக்க வேண்டும். கட்டணம் 10 டாலர். 80 சதவீதம் எடுத்தால் பாஸ். ஆன்லைனில் இதைத் தர அங்கீகாரம் உள்ள தளம் ஒன்றே ஒன்று. முகவரி அரசுக்குரிய 'டாட் கவ்' என்று முடியும். மற்ற மாநிலக் கார்டு எதுவும் அங்கே செல்லாது. நம்ம அக்கா மாட்டியது இங்கேதான். முதல் கார்டு 2 வருடம் வரும்.

கலிஃபோர்னியாவில் சேர்ந்த 30 நாளுக்குள். கார்டு 3 வருடம் செல்லும். டெஸ்டில் குறைந்தது 40 கேள்விகள் இருக்க வேண்டும், 70 சதவீதம் பாஸ் மார்க் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் சான் டியாகோ, ரிவர்சைட், சான் பெர்னார்டினோ ஆகிய மூன்று கவுன்ட்டிகள் மாநிலச் சட்டத்துக்கு முன்பிருந்தே தனியாகத் திட்டம் நடத்துபவை. அந்தப் பக்கம் அட்மிஷன் கிடைத்தவர்கள், கவுன்ட்டியின் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறைப் பக்கத்தைப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

டெக்சாஸில் 30 நாள் கெடு, 2 வருடம் செல்லுபடி. மாநிலச் சுகாதாரத் துறை அங்கீகரித்த கோர்ஸா, அல்லது ஏ.என்.ஏ.பி. என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எப்போது எழுதுவது?

ஹேண்ட்லர் டெஸ்டுக்குப் பெரும்பாலும் ஸ்லாட் புக் செய்யத் தேவையில்லை. ராத்திரி 2 மணிக்கும் எழுதலாம். இந்த வசதிதான் வம்பு. "எப்ப வேணா எழுதலாம்" என்றால் நம்ம ஆட்கள் எப்போது எழுதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். மாடல் எக்ஸாம் வாரத்தை நினைத்துப் பாருங்கள்.

கெடு ஓட ஆரம்பிப்பது வேலையில் சேர்ந்த நாளிலிருந்து. ஆகஸ்ட் 25 சேர்ந்தால் 30 நாள் கணக்கு செப்டம்பர் 24. வாஷிங்டனின் 14 நாள் கணக்கு செப்டம்பர் 8. அந்த இரண்டு வாரத்தில்தான் வீடு, பேங்க் அக்கவுன்ட், எஸ்.எஸ்.என். விண்ணப்பம், முதல் அசைன்மென்ட் எல்லாம் வரும். அதனால் சேர்ந்த முதல் வார சனி, ஞாயிறிலேயே முடித்துவிடுங்கள். ஒருவேளை ஃபெயில் ஆனாலும் மறுபடி எழுத நாள் இருக்கும்.

"அப்போ இந்தியாவில் இருந்தே எழுதிட்டுப் போயிடலாமே?" என்று கேட்கலாம். அவசரப்படாதீர்கள். கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, கார்டுக்கான செலவை வேலை கொடுப்பவர் ஏற்க வேண்டும்; கோர்ஸுக்கும் டெஸ்டுக்கும் ஆகும் நேரத்துக்கும் சம்பளம் தர வேண்டும். ஏற்கெனவே கார்டு இருந்தால்தான் வேலை என்று நிபந்தனை போடவும் கூடாது. நீங்களாக முன்கூட்டி வாங்கினால் அந்தப் பணம் உங்கள் கையை விட்டுப் போகும். உங்கள் டைனிங் ஹால் இந்தச் சட்டத்துக்குள் வருகிறதா என்று ஹெச்.ஆரிடம் ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், அது உங்கள் உரிமை.

மேற்பார்வையாளர் வைக்கும் எக்ஸாம் என்றால் மட்டும் ஸ்லாட் வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது நேர மண்டலம். நியூயார்க்கில் மாலை 6 என்றால் சியாட்டிலில் பிற்பகல் 3. புக் செய்யும் பக்கத்தில் எந்த ஊர் நேரம் காட்டுகிறது என்று பார்த்துவிட்டு ஓகே கொடுங்கள். மார்ச்சிலும் நவம்பரிலும் அங்கே கடிகாரத்தையே ஒரு மணி நேரம் மாற்றுவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

பெயர் விஷயத்தில் நம்ம ஊர்க்காரர்களுக்குத் தனி வம்பு உண்டு. இங்கே இனிஷியல் போட்டுப் பழகிவிட்டோம். பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்திருக்கும். சிலருக்கு கிவன் நேம் காலியாக இருந்து, விசாவில் எஃப்.என்.யூ. என்று அச்சாகியிருக்கும். கார்டில் ஒரு பெயர், வேலை ஆவணத்தில் வேறு பெயர் என்றால் கேள்வி வரும். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டைப் பண்ணுங்கள்.

நடுவில் நிறுத்தலாமா?

கோர்ஸை நிறுத்தலாம். எக்ஸாமை நிறுத்த முடியாது என்று நினைத்துக்கொண்டே உட்காருங்கள்.

கோர்ஸ் பகுதி பொதுவாகப் பாடம் பாடமாக சேவ் ஆகும். ஆனால் பல தளங்களில் பாடத்தின் முடிவில்தான் சேவ் ஆகும். பாதி வீடியோவில் மூடினால் அந்தப் பாடத்தை முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். சில கோர்ஸில் வீடியோவை ஓட்டிவிடவும் முடியாது. வாங்கிய கோர்ஸை எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுவும் இருக்கும். அதைப் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள்.

டெஸ்ட் ஆரம்பித்த பிறகு கதை வேறு. பிரவுசரை மூடினாலோ ரீஃப்ரெஷ் அடித்தாலோ, தளத்தின் விதியைப் பொறுத்து அது ஒரு முயற்சியாகவே கணக்கில் போய்விடலாம். சார்ஜர் செருகி, அப்டேட் எல்லாம் முடித்து, மொபைல் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்துவிட்டு ஸ்டார்ட் அழுத்துங்கள். நெட் போனால் பதறி பத்து தடவை ரீஃப்ரெஷ் அடிக்காதீர்கள். திரையை, நேரம் தெரியும்படி போட்டோ எடுங்கள். மறுபடி லாகின் செய்து விட்ட இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே சப்போர்ட்டுக்கு அந்தப் போட்டோவுடன் எழுதுங்கள். மறுநாள் எழுதினால் நம்ப வைப்பது கஷ்டம்.

கேமரா முன்னால் எழுதும் மேனேஜர் எக்ஸாமில் எழுந்து போவதே பிரச்சினை. ரூம்மேட் "டேய், சாதம் வைக்கவா?" என்று எட்டிப் பார்த்தால்கூட எக்ஸாம் நிற்கலாம். கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிடுங்கள்.

ஃபெயில் ஆனால்?

ஹேண்ட்லர் டெஸ்டில் மறுமுயற்சி விதி தளத்துக்குத் தளம் மாறும். சிலர் இலவசமாகத் தருவார்கள், சிலர் மறுபடி பணம் கட்டச் சொல்வார்கள். இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம், பணம் கட்டுவதற்கு முன்.

மேனேஜர் எக்ஸாமில் கட்டுப்பாடு அதிகம். சர்வ்சேஃப் விதிப்படி 30 நாளுக்குள் இரண்டு முறை எழுதலாம். இரண்டாவதும் போனால், அந்த முயற்சியிலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். 12 மாதத்தில் மொத்தம் 4 முறைக்கு மேல் முடியாது. கண்ணை மூடிக்கொண்டு அடுத்தடுத்து எழுதினால் இரண்டு மாதம் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

நாம் பெரும்பாலும் விழுவது வெப்பநிலையில். நமக்கு செல்சியஸ்தான் பழக்கம், அங்கே எல்லாம் ஃபாரன்ஹீட். இந்த எண்களை ஒரு சீட்டில் எழுதி மனப்பாடம் செய்தாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு:

- கிருமி வேகமாகப் பெருகும் இடைவெளி: 41 முதல் 135 டிகிரி வரை (5 முதல் 57 செல்சியஸ்)
- சிக்கன்: 165 (74 செல்சியஸ்)
- அரைத்த மாட்டிறைச்சி: 155 (68 செல்சியஸ்)
- மீன்: 145 (63 செல்சியஸ்)
- ஆறவைப்பது: 135-லிருந்து 70-க்கு 2 மணி நேரத்தில், 41-க்கு மொத்தம் 6 மணி நேரத்தில்
- கை கழுவுவது: குறைந்தது 20 நொடி

இன்னொன்று, வீட்டுப் பழக்கத்தை வைத்துப் பதில் எழுதாதீர்கள். நம்ம வீட்டில் சிக்கனை மஞ்சள் போட்டுக் கழுவாமல் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். பச்சைக் கோழியைக் கழுவ வேண்டாம், தெறிக்கும் தண்ணீரில் கிருமி பரவும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. சமைத்த சாதத்தை ராத்திரி முழுக்க வெளியில் வைத்து, காலையில் சூடாக்கினால் சரியாகிவிடும் என்பதும் அங்கே தப்பான விடை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா சாதத்தில் உண்டாக்கும் ஒரு நச்சு, திரும்பக் கொதிக்க வைத்தாலும் அழியாது. ஒவ்வாமைப் பட்டியலில் இப்போது 9 பொருள்கள். கடைசியாகச் சேர்ந்தது எள், 2023 ஜனவரி 1 முதல். இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் ஊற்றும் நாம் இதை மறக்கக் கூடாது.

குறுக்கு வழி வேண்டாம்

"ஹேண்ட்லர் டெஸ்டுக்கு கேமராவே கிடையாது, ரூம்மேட்டை எழுதச் சொல்லிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். பிடிபடாமல்கூடப் போகலாம். ஆனால் அந்த 155 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1993-இல் ஜாக் இன் தி பாக்ஸ் என்ற பர்கர் கடைகளில் சரியாக வேகாத இறைச்சியிலிருந்து ஈ.கோலை கிருமி பரவி, 700-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 4 குழந்தைகள் இறந்தார்கள். பாதிப்பு அதிகம் இருந்தது வாஷிங்டன் மாநிலத்தில்தான். அங்கே அப்போதே 155 டிகிரி என்ற விதி இருந்தது. கிரில் பக்கம் அது கடைப்பிடிக்கப்படவில்லை. நாளைக்கு அதே போன்ற கிரில் முன்னால் நிற்கப்போவது நீங்கள், உங்கள் ரூம்மேட் இல்லை.

கடைசியாக, முக்கியமான ஒன்று. இந்தக் கார்டு வேலை செய்வதற்கான அனுமதி ஆகாது. எஃப்-1 விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான். "கார்டுதான் இருக்கே, வெளியில் ரெஸ்டாரன்ட்டில் கேஷாக வாங்கிக்கலாம்" என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். அதில் போவது 15 டாலர் கிடையாது, உங்கள் விசா நிலை. வீட்டில் லோன் எடுத்து அனுப்பியவர்களை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம அக்கா இரண்டாவது தடவை சரியான தளத்தில் 10 டாலர் கட்டி எழுதி, அடுத்த வாரமே ஷிஃப்ட் வாங்கிவிட்டாங்க. இப்போது சாலட் கவுன்ட்டரில் இருக்காங்களாம். "41 டிகிரிக்கு மேல போச்சுன்னா எடுத்துக் கொட்டிடுவேன், யார் சொன்னாலும் வைக்க மாட்டேன்" என்று போன வாரம் மெசேஜ் போட்டிருந்தாங்க.