பெல்லட் அடுப்பு

பெல்லட் அடுப்பு எனப்படுவது, அழுத்திச் செறிவாக்கப்பட்ட மரத்தூள் குச்சிகளை எரித்து, குளிர் நாடுகளில் அறையைச் சூடாக்கப் பயன்படும் கருவியாகும். இக்குச்சிகளே பெல்லட் எனப்படுகின்றன. இவை பொதுவாக 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை விட்டம் உடையவை. அழுத்தும்போது உண்டாகும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகித் தூளைப் பிணைப்பதால், பெரும்பாலும் பசை தேவைப்படுவதில்லை. ஏறத்தாழ 2 கிலோகிராம் பெல்லட், 1 லிட்டர் எண்ணெய் தரும் வெப்பத்தைத் தரும்.

வரலாறு

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், மாற்று எரிபொருளாக மர பெல்லட்டுகள் வட அமெரிக்காவில் கவனம் பெற்றன. வீடுகளுக்கான பெல்லட் அடுப்புகள் 1980களில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன.

இயங்கும் முறை

அடுப்பின் சேமிப்புத் தொட்டியில் கொட்டப்படும் பெல்லட்டுகளை, மின்னோடியால் சுழலும் திருகு ஒன்று சிறிது சிறிதாக எரிகிண்ணத்தினுள் தள்ளும். ஒரு விசிறி எரிதலுக்கான காற்றை ஈர்த்து, புகையைத் தனிக் குழாய் வழியே வெளியேற்றும். மற்றொரு விசிறி, அறைக் காற்றைச் சூடான உலோகச் சுவரின் மறுபுறமாகச் செலுத்தி மீண்டும் அறைக்குள் விடும். புகையும் அறைக் காற்றும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. மாற்று மின்சாரம் இல்லையெனில், மின்தடையின்போது அடுப்பு நின்றுவிடும்.

காற்றுக் குழாய்களுடன் இணைத்தல்

தொராண்டோ போன்ற நகரங்களில் பல வீடுகளின் நிலவறையில் எரிவாயு உலை உள்ளது. அது சூடாக்கும் காற்று, தகரக் குழாய்கள் வழியே எல்லா அறைகளுக்கும் செல்லும். இக்குழாய்களுடன் பெல்லட் அடுப்பை இணைத்தால் வீடு முழுவதும் சூடாகும் என்பது எளிதில் தோன்றும் எண்ணமாகும். ஆயினும் இதில் மூன்று இடர்கள் உள்ளன.

* அடுப்பின் விசிறி ஓர் அறைக்கென அமைந்தது. நீண்ட குழாய்களின் தடையை எதிர்த்துக் காற்றைத் தள்ளும் ஆற்றல் அதற்கில்லை. காற்றோட்டம் குறைந்தால் அடுப்பு அளவு மீறிச் சூடாகும்.
* சூடாக்கப்படாத நிலவறை வழியே செல்லும் குழாய்களில் வெப்பம் வீணாகும்.
* அடுப்பில் கசிவு ஏற்பட்டால், நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு எல்லாப் படுக்கையறைகளுக்கும் பரவக்கூடும்.

எனவே, தயாரிப்பாளரின் கையேடு வெளிப்படையாக அனுமதித்தாலன்றி அடுப்பைக் குழாய்களுடன் இணைத்தல் ஆகாது. வீடு முழுவதற்கும் வெப்பம் வேண்டுவோருக்கு, குழாய் இணைப்பிற்கென்றே வடிவமைக்கப்பட்ட பெல்லட் உலைகள் கிடைக்கின்றன. இரண்டிலும் கார்பன் மோனாக்சைடு உணர்கருவி இன்றியமையாதது.

தமிழ்நாட்டில்

சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ள வல்லம் வடகால் போன்ற வெப்பமான சமவெளிப் பகுதிகளில் வீட்டைச் சூடாக்கும் தேவை எழுவதில்லை. அங்குள்ள கட்டடங்களில் காற்றுக் குழாய்கள் பெரும்பாலும் குளிரூட்டலுக்கே பயன்படுகின்றன. இந்தியாவில் பெல்லட்டுகள் வீட்டு அடுப்பைவிடக் கொதிகலன்களிலேயே மிகுதியாக எரிக்கப்படுகின்றன. மரத்தூளுடன் நிலக்கடலைத் தோல், வைக்கோல் முதலிய வேளாண் கழிவுகளும் மூலப்பொருள்களாகின்றன. நிலக்கரி அனல்மின் நிலையங்களில் உயிர்த்திரள் பெல்லட்டுகளைக் கலந்து எரிப்பதற்கான திருத்திய கொள்கையை இந்திய மின்துறை அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்டது.