விபிஎன் சுரங்கத்தின் பலவீனம் எங்கே?

2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைக்குப் பெட்ரோலும் டீசலும் கொண்டுசெல்லும் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் தன் குழாய்களை மூட நேர்ந்தது. பணயப்பணம் கேட்கும் கும்பல் உள்ளே புகுந்த வழி, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு. அதற்கு ஓடிபி போன்ற இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கிடையாது. கடவுச்சொல் மட்டும் போதுமாக இருந்தது. அந்தக் கும்பல் எந்தக் குறியாக்கத்தையும் உடைக்கவில்லை. நிறுவனம் கொடுத்த பணயம் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர்.

ரவுட்டரில் விபிஎன் அமைப்பவர்கள் பெரும்பாலும் எந்தக் குறியாக்கம் வலுவானது என்பதிலேயே கவனத்தைச் செலவிடுகிறார்கள். இன்று பரவலாகப் புழக்கத்தில் இருக்கும் முறைகளில் குறியாக்கத்தின் கணிதம் உறுதியாகவே நிற்கிறது. விபிஎன் சுரங்கம் பழுதாவது அமைத்த நாளுக்குப் பிறகுதான். ஊழியர் வேலையை விட்டுப் போவார், கணக்கு அப்படியே கிடக்கும். மென்பொருளில் ஓட்டை தெரியவரும், திருத்தத்தை யாரும் போடமாட்டார்கள். ஃபோர்ட்டிநெட் நிறுவனக் கருவிகளின் விபிஎன் பகுதியில் இருந்த ஓர் ஓட்டைக்கு 2019 மே மாதமே திருத்தம் வந்துவிட்டது. ஆனாலும் 2021 செப்டம்பரில் சுமார் 87,000 கருவிகளின் நுழைவு விவரங்கள் இணையத்தில் கசிந்தன. ஓட்டையை அடைத்த பிறகும் கடவுச்சொல்லை மாற்றாதவர்களுக்கு ஆபத்து நீடித்தது என்பதே இதில் முக்கியமான பாடம். திருட்டுப்போன சாவிக்குப் புது மென்பொருள் மருந்தாகாது.

வயர்கார்டு என்ற விபிஎன் முறை வந்த பிறகு இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஏறக்குறைய 4,000 வரி நிரல்தான் அது. 2020 மார்ச்சில் லினக்ஸ் கர்னல் 5.6 பதிப்பிலேயே இடம்பெற்றது. தரவு ஓடிக்கொண்டிருக்கும்போது தற்காலிகச் சாவியை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு பயனரையும் அடையாளம் காட்டும் நிரந்தரச் சாவிக்குக் காலாவதித் தேதி கிடையாது. விலகிப்போனவரின் சாவியை ரவுட்டரிலிருந்து ஒருவர் கையால் நீக்கும்வரை கதவு திறந்தேதான் இருக்கும்.

ஓடுகிற ரவுட்டரில் கைவைத்தால் நின்றுபோகும் என்ற பயமும் பொய்யல்ல. பாக்கெட்டின் அளவையே பாருங்கள். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் வழக்கமாக அதிகபட்சம் 1,500 பைட். பிபிபிஓஇ வழியாக வரும் பிராட்பேண்டில் 1,492. ஐபிவி6 வழியாகப் போகும்போது வயர்கார்டு தன் பங்குக்கு 80 பைட் எடுத்துக்கொள்ளும்; மிஞ்சுவது 1,412. வயர்கார்டின் வழக்கமான அளவான 1,420-ஐ அப்படியே விட்டுவைத்தால் பிங் ஒழுங்காகப் போகும், லாகின் பக்கம்கூடத் திறக்கும், பெரிய கோப்பு மட்டும் பாதியில் நிற்கும். சின்னப் பாக்கெட்டுகள் தப்பித்துவிடுவதால் குறை எங்கே என்று கண்டுபிடிப்பது கடினம். இத்தனை நுணுக்கம் இருக்கிறது என்பதற்காகப் பராமரிப்பைத் தள்ளிப்போடக் கூடாது. மாற்றும் முன் அமைப்பின் நகலை எடுத்து வையுங்கள். மாற்ற வேண்டிய சுரங்கத்தின் வழியாகவே ரவுட்டருக்குள் நுழைந்து அதே சுரங்கத்தை மாற்றாதீர்கள். தவறினால் திரும்ப உள்ளே போக வழி இருக்காது.

உங்கள் அலுவலக ரவுட்டரில் பதிவாகியுள்ள விபிஎன் பயனர் பட்டியலை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாத சாவியை அன்றைக்கே நீக்கிவிடுங்கள்.