தாடி ஓணானின் குளிர்கால நித்திரை

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பிரதேசங்களைத் தாயகமாகக் கொண்டு, இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ இல்லங்களில் கண்ணாடிக் கூண்டுக்குள் செல்லப் பிராணியாக வாழும் தாடி ஓணான், குளிர்காலம் நெருங்குகையில், நேற்றுவரை தாவிப் பிடித்த வெட்டுக்கிளியை ஏறெடுத்தும் பாராமல், விளக்கின் வெப்பத்தையும் விட்டு விலகி, இருண்ட மூலையில் தலையைப் புதைத்துக் கண்மூடிவிடுவதைக் காணும்போது, அருமையாக வளர்த்தவர் மனம் பதைப்பது இயல்பே. பதைப்பு மிகுந்து, வாயைத் திறந்து இரையைத் திணிக்கிறார்களே, அதுதான் பேராபத்து.

ஓணான் தன் சரீர உஷ்ணத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணியன்று. சுமார் 40 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள இடத்தில் படுத்துக் காய்ந்தால்தான் அதற்கு ஆகாரம் ஜீரணமாகும். குளிர்ந்த குடலில் தங்கிய இரையோ அப்படியே அழுகி, உயிருக்கே உலை வைத்துவிடும். ஆதலால், மந்தம் தலைகாட்டியதும் இரையை நிறுத்தி, விளக்கை மட்டும் ஓரிரு வாரம் வழக்கம்போல் எரியவிட்டு, குடல் காலியான பிறகே ஒளியையும் வெப்பத்தையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வயிற்றிலும் வால் அடியிலும் சேமித்த கொழுப்பு, சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை நீளும் அந்த நித்திரைக்குப் போதுமானது. தண்ணீர் மட்டும் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஆயினும் மந்தமெல்லாம் நித்திரையாகிவிடாது. குடற்புழு மிகுந்த ஓணானும் இப்படியே சுருண்டு கிடக்கும். ஆகவே, உறங்கவிடுமுன் மலத்தை மிருக வைத்தியரிடம் காட்டிப் பரிசோதிப்பதை நான் மிக வற்புறுத்துவேன். ஒரு வயது நிறையாத குட்டியையும், மெலிந்து நோயுற்றதையும் உறங்கவிடலாகாது. உறங்குவதை அவ்வப்போது சமையலறைத் தராசில் மெல்ல வைத்து நிறுத்துப் பாருங்கள்: 400 கிராம் இருந்தது 360க்கு இறங்கினாலோ, கண்கள் குழி விழுந்தாலோ வைத்தியரிடம் காட்டத் தாமதம் கூடாது. நலமாயிருப்பது, விரலால் லேசாகத் தொட்டால், ஒரு கண்ணைச் சோம்பலாகத் திறந்து மறுபடி மூடிக்கொள்ளும்.

ஆஸ்திரேலியச் சட்டம் ஏற்றுமதியைத் தடுத்திருப்பதால், வெளிநாட்டு இல்லங்களிலுள்ளவை பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. தாயகத்தின் ஜூன், ஜூலை மாதக் குளிரை அறியாத அவை, வடக்கே டிசம்பரில் பகல் குறுகும்போது உறங்கத் தலைப்படுவது வியக்கத்தக்கதே. உறங்காமலேயே குளிர்காலத்தைக் கடப்பவையும் உண்டு. அவற்றை வலிந்து உறங்கவைக்க வேண்டிய அவசியமில்லை.

விழித்தெழுந்த ஓணானுக்கு உடனே இரை கொடுக்க மனம் துடிக்கும். முதலில் நீர் அருந்தச் செய்து, ஓரிரு நாள் விளக்கின்கீழ் உடல் நன்றாகச் சூடேறிய பிறகே, சிறிது சிறிதாக ஆகாரம் கொடுக்கத் தொடங்க வேண்டும்.