மாணவர் ஆய்வும் நம் தெருவும்

இளங்கலைச் சமூகவியல் பயிலும் மாணவர்கள் இறுதியாண்டில் ஆய்வேடு ஒன்றினை எழுதி, ஆசிரியர்கள் முன் எடுத்துரைப்பது பல கல்லூரிகளில் வழக்கம். "வினாத்தாளை ஏந்தி வீடு வீடாக அலைவதும் ஒரு படிப்பா?" என்று சலித்துக்கொள்ளும் பெற்றோர் இராயபுரத்திலும் உண்டு, திருவொற்றியூரிலும் உண்டு. அவர்களுக்குப் பழைய வரலாறு ஒன்றை நினைவூட்ட விழைகிறோம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதற்பேராசிரியராக விளங்கிய கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ஆம் ஆண்டில் தம் மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் எத்துணை என்று அவர்கள் கேட்டு எழுதினர். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய அக்கட்டுரைகள் 1918-இல் ஆங்கில நூலாக வெளிவந்தன. 1936-37-இல் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோரின் தலைமையில் அவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பட்டன. 1980-களிலும் இருவேல்பட்டுக்கு அறிஞர்கள் சென்றனர். மாணவர் குறித்து வைத்த கணக்கே இவர்கள் அனைவருக்கும் அளவுகோலாயிற்று.

நம் பகுதிக்கு இது எத்துணை பொருந்துகிறது! எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் இயங்கத் தொடங்கி, 2017-இல் மூடப்பட்டது. 2001-இல் துறைமுகம் வந்தது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகத்தில் பரவியது. ஒவ்வொரு மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஒரு வலைக்கு எவ்வளவு மீன் கிடைத்தது, ஒரு குடும்பம் எதை உண்டது என்று எழுதி வைத்த ஏடு, இழப்பீடு கேட்கும் நாளில் ஏழையின் சாட்சியாக நிற்கும்.

ஆனால் சாட்சி நேர்மையானதாக இருத்தல் வேண்டும். "ஆலையால்தானே உமக்கு நோய் வந்தது?" என்று கேட்பது, விடையை நாமே ஊட்டுவதாகும். "சென்ற மாதம் எத்தனை நாள் வேலைக்குச் செல்லவில்லை? ஏன்?" என்று கேட்பதே முறை. காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களின் உழைப்பை அறிய விரும்பும் மாணவி, நண்பகலில் சென்றால் பாதியைத்தான் காண்பாள். விடியுமுன் ஏலம் நடக்கும் வேளையில் அங்கு நிற்கவேண்டும். சொன்னவரின் பெயரை மறைத்துக் காப்பதும் அவள் கடமை. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மனந்திறந்து பேசியதால் தம் வேலையை இழக்க நேரிடலாகாது.

இன்னுமொன்று. தேர்வாளரின் முன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததும் கடன் தீர்ந்தது என்று மாணவர் எண்ணிவிடலாகாது. நம் மக்கள் எத்தனையோ பேருக்கு விடை சொல்லியிருக்கின்றனர். முடிவு என்னவாயிற்று என்று அவர்களிடம் வந்து சொன்னவர் சிலரே. ஆகவே கல்லூரி மண்டபத்தில் பேசியதை, பதில் தந்த தெருவின் படிப்பகத்திலும் எளிய தமிழில் ஒரு மாலை எடுத்துரைக்கட்டும். "இது தவறு, தம்பி" என்று ஒரு மூதாட்டி திருத்தினால், அதையும் குறித்துக்கொள்ளட்டும்.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ இவ்வாண்டு ஆய்வேடு எழுதினால், ஒரு நாள் இரவு உணவுக்குப்பின் அமர்ந்து அதனைக் கேளுங்கள். பிறர் எழுதாத உங்கள் தெருவின் கதை அதில் இருக்கக்கூடும்.