உஷார்! 'கரண்ட் ஏறவே இல்லையே' என்று திருகாதீர்கள்

பெரியப்பாவின் இடது பாதத்தில் ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு கருப்பு வட்டம். நான்தான் பார்த்தேன், அவர் பார்க்கவே இல்லை. "வலியே இல்லைப்பா" என்றார். என்னைப் பயமுறுத்தியது புண் அல்ல, அந்த 'வலியே இல்லை'தான்.

சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு கடையில், வலிக்குத் தோல் வழியாகக் கரண்ட் கொடுக்கும் டென்ஸ் பெட்டி வாங்கியிருக்கிறார். உள்ளங்கையளவு கருவி, நான்கு ஒட்டுப் பட்டைகள். அவருக்குப் பதினெட்டு வருஷமாக இனிப்பு நீர், பாதம் மரத்துப்போய் நாளாகிறது. ஐந்தில் வைத்தார், ஒன்றும் தெரியவில்லை. பத்தில் வைத்தார், அப்போதும் இல்லை. "கரண்ட் ஏறவே இல்லை, டூப்ளிகேட் சாமான்" என்று கடைசி வரை ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் டிவியில் வசந்தம் பார்த்திருக்கிறார். பெட்டி ஒழுங்காகத்தான் ஓடியது. கால்தான் வாய் திறக்கவில்லை.

இந்தச் சிகிச்சைக்கு மீட்டரே நம் தோல்தான். குறுகுறுவென்று சுகமாக இருக்கும் வரை ஏற்றுவது, குத்தினால் இறக்குவது. மரத்த இடத்தில் அந்த மீட்டர் செத்துக் கிடக்கிறது. போதாததற்கு, அவர் இரண்டு மாதமாக ஒரே பட்டையைப் பயன்படுத்தியிருக்கிறார். ஜெல் காய்ந்து ஓரம் தூக்கிக்கொண்டால், பட்டை முழுக்கப் பரவ வேண்டிய கரண்ட் ஒட்டியிருக்கும் சின்ன இடத்தில் குவிந்து இறங்கும். அந்த வட்டம் வந்தது அப்படித்தான்.

கருவி பொல்லாதது என்று சொல்ல வரவில்லை. தொடுகை உணர்வு வலிச் செய்திக்குக் கதவடைக்கும் என்று மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் 1965-இல் சொன்ன கருத்தின் மேல் வளர்ந்த சிகிச்சை இது. பக்கவாதத்தில் பாதம் தொங்கிப்போனவர்களை நடக்கவைக்க லிபர்சன் என்ற மருத்துவர் 1961-லேயே கரண்ட் கொடுத்தார். ஆனால் நல்ல பிசியோ ஒருவர் பட்டையைத் தொடுமுன் உங்கள் கண்ணை மூடச்சொல்லி, 'கூராக இருக்கிறதா, மொட்டையாக இருக்கிறதா' என்று குத்திக் கேட்பார். அந்த ஒரு நிமிஷம் கடையில் கிடைக்காது.

இதைவிட மோசம், பெரியப்பா பெட்டியை மேல்மாடி நண்பருக்கு இரவல் தர இருந்தார். நண்பருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர்! வெளியிலிருந்து வரும் துடிப்பை இதயத்தின் துடிப்பென்று எண்ணி அது தன் வேலையை நிறுத்திவிடலாம். இதய மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. கழுத்தின் முன்பக்கம், நெஞ்சின் குறுக்கே, கர்ப்பிணி வயிறு, புற்றுநோய் இருக்கும் இடம், இங்கெல்லாம் பட்டை வேண்டாம். வலிப்பு உள்ளவர்கள் கேட்காமல் தொட வேண்டாம். ஊரிலிருந்து விமானத்தில் வந்தபின் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறதா? அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். பட்டை ஒட்டாமல் டாக்டரிடம் போங்கள். மூச்சும் திணறினால் 995-ஐ அழையுங்கள். பட்டையோடு தூங்குவதும் வேண்டாம்.

உடம்பு முழுக்கக் கரண்ட் கொடுக்கும் உடை மாட்டி, இருபது நிமிஷத்தில் உடற்பயிற்சி என்கிறார்களே, அதிலும் கண் வையுங்கள். முதல் நாளே முழு வேகத்தில் ஓட்டித் தசை சிதைந்தவர்கள் உண்டு. மறுநாள் சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில் போனால் சிறுநீரகம் அபாயத்தில் இருக்கிறது. காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வாங்குமுன் கருவியின் பெயரைச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் மருத்துவக் கருவிப் பதிவேட்டில் தேடலாம், இணையத்திலேயே இருக்கிறது. பிசியோ பதிவு பெற்றவரா என்றும் அதேபோல் பார்த்துவிடலாம். ஆனால் பதிவான கருவி என்றால் உங்கள் காலுக்கு ஏற்றது என்று அர்த்தமில்லை. அதைப் பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள்.

பட்டை கழற்றியதும் தோலைக் கண்ணால் பாருங்கள். உள்ளங்கால் என்றால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்பு மாறவில்லை என்றால் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு அன்றைக்கே மருந்தகம் போங்கள். பற்பசை தடவாதீர்கள். பெரியப்பா, நான் பார்த்த பிறகும் இரண்டு நாள் அதைத்தான் தடவினார். இப்போது வாரம் இரண்டு முறை கட்டு மாற்றப் போய்வருகிறார்.