பாட்டுக்கும் ஏரியா எல்லை!

ஒரு கம்பெனியின் சோப்பை நம் ஊர் ஸ்டாக்கிஸ்ட் ஒரு விலைக்குக் கொடுக்கிறார். பக்கத்து மாவட்டத்து மொத்தக் கடையில் அதே சோப்பு பெட்டிக்கு இருபது ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. வேனை அனுப்பி எடுத்து வந்தால், மறு வாரமே கம்பெனிப் பிரதிநிதி கடை வாசலில் நிற்கிறார். பெட்டியைத் திருப்பி பேட்ச் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். "வெளி ஏரியா சரக்கு எடுத்தால் ஸ்கீம் கிடையாது, கிரெடிட்டும் கிடையாது" என்கிறார். இந்தப் பேச்சைக் கேட்காத மளிகை வியாபாரி நம்மில் அநேகமாக இருக்க மாட்டார்.

இதே ஏரியாப் பிரிவினையை நாட்டுக்கு நாடு செய்து வருபவை இசைக் கம்பெனிகள். ஓர் ஆல்பத்தின் விற்பனை உரிமை அமெரிக்காவில் ஒருவரிடம் இருக்கும், இந்தியாவில் வேறொருவரிடம் இருக்கும். நம் ஏ.ஆர்.ரகுமானுக்கு ஆஸ்கார் பெற்றுத் தந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' ஆல்பத்தை அமெரிக்காவில் இன்டர்ஸ்கோப் வெளியிட்டது, இந்தியாவில் டி-சீரிஸ் வெளியிட்டது. கம்ப்யூட்டர் வழியாகப் பாட்டு விற்ற ஆப்பிள் கம்பெனியின் ஐட்யூன்ஸ் கடை 2003இல் அமெரிக்காவில் தொடங்கியது. இந்தியாவுக்கு அது 2012 டிசம்பரில்தான் வந்தது. அதுவரை சென்னை ரசிகர் கையில் பணம் இருந்தாலும் அந்தக் கடையில் முறைப்படி ஒரு பாட்டு வாங்க வழியில்லை. வாங்குபவரின் கிரெடிட் கார்டு எந்த நாட்டு முகவரிக்கு உரியது என்று பார்த்துத்தான் கதவு திறந்தார்கள்.

இசை வியாபாரம் நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். விரும்பிய இடத்தில் கொள்முதல் செய்யும் உரிமை வியாபாரியின் கையில் எப்போது இருக்கிறது, எப்போது நழுவுகிறது என்பதை இதைப் போலத் தெளிவாகக் காட்டும் தொழில் வேறில்லை.

ஆஸ்திரேலியாவில் நடந்தது

ஆஸ்திரேலியாவில் 1998 வரை, உள்நாட்டு உரிமைதாரரின் அனுமதியின்றி விற்பனைக்காக வெளிநாட்டு சி.டி.யை இறக்குமதி செய்யக் கூடாது. சரக்கு அசலாக இருந்தாலும் கூடாது. அந்த ஆண்டு சட்டத்தைத் திருத்தி, முறைப்படி தயாரான அசல் சி.டி.யை எந்த நாட்டிலிருந்தும் வரவழைக்கலாம் என்றார்கள். போலிச் சரக்கு குவியும், உள்ளூர்க் கலைஞர் பிழைப்பு போகும் என்று கம்பெனிகள் கூக்குரலிட்டன.

சட்டம் வந்த பிறகு சில கடைக்காரர்கள் வெளியிலிருந்து சி.டி. வரவழைத்தார்கள். யூனிவர்சல், வார்னர் ஆகிய இரு பெரிய கம்பெனிகள் செய்ததை நாம் ஊகித்தே சொல்லிவிடலாம். இறக்குமதிச் சரக்கு வைத்த கடைகளுக்குச் சப்ளையை நிறுத்துவதாகவும், சலுகைகளைக் குறைப்பதாகவும் மிரட்டின, சில இடங்களில் நிறுத்தியும் விட்டன. ஊரே கேட்கும் புதுப் பாட்டு இல்லாத இசைக் கடையும், பொன்னி அரிசி இல்லாத மளிகைக் கடையும் ஒன்றுதான். மற்ற சரக்கு எவ்வளவு இருந்தாலும் வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்பிவிடுவார்.

அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. இரு கம்பெனிகளும் சட்டத்தை மீறியதாக 2001இல் தீர்ப்பானது. மேல்முறையீட்டில், சந்தை பலத்தைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்ற பகுதி 2003இல் தள்ளுபடியானது. ஆனால் 'வெளியில் வாங்காதே' என்ற நிபந்தனையோடு சரக்குக் கொடுத்தது தவறு என்ற பகுதி நிலைத்தது. வேனில் சரக்கு ஏற்றி வந்த நம் வியாபாரி கவனிக்க வேண்டிய பகுதி இதுவே.

எல்லா நாட்டிலும் இப்படி நடந்துவிடவில்லை. ஹாங்காங்கிலிருந்து மலிவாக அசல் சி.டி. வாங்கி பிரிட்டனுக்குத் தபாலில் அனுப்பிய 'சி.டி. வாவ்' என்ற கடைமீது அங்குள்ள இசைக் கம்பெனிகளின் சங்கம் வழக்குப் போட்டது. 2004இல் சமரசம் ஆயிற்று. அதை மீறினார்கள் என்று 2007இல் 4 கோடியே 10 லட்சம் பவுண்டு இழப்பீடு விதித்தார்கள். ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்குள் முதலில் விற்ற சரக்கு மட்டுமே அதற்குள் தாராளமாகப் புழங்கலாம் என்பது அன்று அவர்களின் சட்டமாக இருந்தது.

தட்டு மறைந்தது, கடைக்காரரும் மறைந்தார்

தட்டு இருந்தவரை வழக்காவது போட முடிந்தது. பாட்டு கம்ப்யூட்டர் கோப்பாக மாறியதும் ஏற்றி வர சரக்கே இல்லை, ஏற்றி வரும் வியாபாரியும் இல்லை. கம்பெனி, அதன் ஒரே கடை, வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

ஐட்யூன்ஸ் கடையில் ஒரு பாட்டு ஜெர்மனியிலும் பிரான்சிலும் 99 யூரோ சென்ட், பிரிட்டனில் 79 பென்ஸ். அன்றைய மாற்று விகிதப்படி பிரிட்டன்காரர் கூடுதலாகக் கொடுத்தார். அங்குள்ள நுகர்வோர் சங்கம் 2004இல் புகார் செய்தது. ஐரோப்பிய ஆணையம் விசாரணை நடத்திய பின், ஆறு மாதத்தில் விலையைச் சமன் செய்வதாக 2008 ஜனவரியில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு முடிவதற்குள் பவுண்டே சரிந்து, 79 பென்ஸ் 99 சென்ட்டுக்கும் கீழே போய்விட்டது! ஆனால் பிரிட்டன்காரர் பிரான்சு கடையில் வாங்க முடியாது என்ற தடை அப்படியே இருந்தது.

ஆஸ்திரேலியாவில் 2011இல் அவர்கள் டாலர் அமெரிக்க டாலரைத் தாண்டியிருந்தது. ஆயினும் அமெரிக்காவில் 1.29 டாலருக்கு விற்ற பாட்டு அங்கே 2.19 டாலர். பத்து சதவீத வரியைக் கழித்தாலும் வித்தியாசம் பெரிது. அமெரிக்கப் பரிசுக் கார்டு எண்ணைக் கூடுதல் விலைக்கு வாங்கி, அந்நாட்டுக் கணக்கு ஒன்றைத் திறந்து பாட்டு வாங்கியவர்கள் உண்டு. எல்லை போட்ட இடத்தில் எல்லை தாண்டும் வியாபாரமும் முளைக்கும்! 2013இல் நாடாளுமன்றக் குழு ஆப்பிளை அழைத்து விசாரித்தது. விலைக்குக் காரணம் பாட்டின் உரிமைதாரர்களே என்று ஆப்பிள் கைகாட்டியது. ஸ்டாக்கிஸ்டைக் கேட்டால் கம்பெனியைக் காட்டுவதும், கம்பெனியைக் கேட்டால் ஸ்டாக்கிஸ்டைக் காட்டுவதும் நமக்குப் பழக்கமானதுதானே.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் ஐட்யூன்ஸ் திறந்தபோது 12 ரூபாய்க்கே பாட்டு கிடைத்தது. 1.29 டாலர் என்பது அன்று ஏறக்குறைய 70 ரூபாய். பிறகு 2019இல் ஸ்பாட்டிஃபை சந்தா சேவை இங்கு வந்தபோது மாதம் 119 ரூபாய் வைத்தார்கள். அமெரிக்காவில் அதற்கு 9.99 டாலர். எல்லை இருப்பதால்தான் நமக்கு இந்த மலிவு விலை. அமெரிக்கரும் இங்கே வாங்கலாம் என்றால் 12 ரூபாய்க்கு எவரும் விற்க மாட்டார்கள். நம்மில் ஸ்டாக்கிஸ்டாக இருப்பவர்களுக்கும் இது புரியும். விளம்பரம் செய்து, கடன் கொடுத்து, ஆள் போட்டு ஏரியாவை வளர்த்தவர், பக்கத்து ஏரியாக்காரர் வந்து அறுவடை செய்வதைப் பொறுக்க மாட்டார். ஆகவே எல்லையே கூடாது என்று நாம் வாதிடவில்லை. விலை கொடுத்து வாங்கிய பிறகும் சரக்கு கம்பெனிக்கே சொந்தமா என்பதே நம் கேள்வி.

ஒரே மாதத்தில் இரு தீர்ப்புகள்

இக்கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் 2013 மார்ச் மாதத்தில் இரண்டு விதமாகப் பதில் சொன்னது விசித்திரம். தாய்லாந்திலிருந்து படிக்க வந்த மாணவர் ஒருவர், தம் நாட்டில் மலிவாக விற்ற பாடப் புத்தகங்களை உறவினர் மூலம் வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். ஜான் வைலி என்ற பதிப்பகம் வழக்குப் போட்டு, கீழ்க்கோர்ட்டில் 6 லட்சம் டாலருக்குத் தீர்ப்பும் பெற்றது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. முறைப்படி வாங்கிய பிரதியை, எந்த நாட்டில் வாங்கியிருந்தாலும், மறுவிற்பனை செய்யலாம் என்றது.

அதே மாதம் 'ரீடிஜி' என்ற கடை தோற்றது. ஐட்யூன்ஸில் பணம் கொடுத்து வாங்கிய பாட்டுக் கோப்பை, வேண்டாதவரிடமிருந்து பெற்று வேண்டியவருக்கு விற்கும் தொழில் அது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது புதுப் பிரதி உண்டாகிறது, பிரதி எடுக்கும் உரிமை கம்பெனிக்கே உரியது என்று நீதிமன்றம் சொன்னது. 2018 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று.

அதே 2018 டிசம்பரில் ஐரோப்பாவில் ஒரு புது விதி அமலுக்கு வந்தது. அதன்படி பிரான்சிலுள்ள கடை, ஜெர்மானியர் என்ற காரணத்துக்காக ஒருவருக்கு சி.டி. விற்க மறுக்கக் கூடாது (அவர் நாட்டுக்கு அனுப்பித் தரும் கட்டாயம் மட்டும் இல்லை). அதே பாட்டைக் கோப்பாகக் கேட்டால் மறுக்கலாம். பதிப்புரிமை உள்ள கோப்புகளுக்கு விலக்கு அளித்துவிட்டார்கள்.

நம் கடைகளில் இருப்பது நல்லவேளையாக அரிசியும் பருப்பும் சோப்பும். கையில் எடுத்து எடை போடக்கூடிய சரக்கு. வெளியில் வாங்காதே என்ற நிபந்தனை, சப்ளை மறுப்பு ஆகியவை நம் நாட்டின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3(4) பிரிவிலும் பேசப்படுகின்றன. நிபந்தனை இருப்பதே குற்றமாகிவிடாது, அதனால் சந்தைப் போட்டி கணிசமாகப் பாதிக்கப்படுகிறது என்று காட்ட வேண்டும். ஒரு கடை தனியாக அதைக் காட்டுவது கடினம், பல கடைகளின் பில்கள் சேர்ந்தால் கதை வேறு. வெளி ஏரியா கொள்முதலைக் காரணம் காட்டி ஸ்கீமோ சப்ளையோ நிறுத்தப்பட்ட உறுப்பினர்கள், நிறுத்திய தேதி, பில் நகல், பிரதிநிதி எழுத்தில் ஏதும் கொடுத்திருந்தால் அதன் நகல் ஆகியவற்றைச் சங்க அலுவலகத்தில் சேர்க்கக் கோருகிறோம்.