புதிய கம்ப்யூட்டர் எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆகவில்லையா? ஃபார்மட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் நம் வீடுகளில் பலர் புதிய கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கும், பேண்டேஜ் துணி வியாபாரக் கணக்குக்கும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து வாங்கினோம். கடையில் புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றி, எங்கள் பழைய ஹார்டு டிஸ்க்கையும் கூடவே மாட்டிக் கொடுத்தார்கள். மறைந்த அத்தாவின் போட்டோக்களும், பல வருடத்துப் பில் கணக்குகளும் அந்தப் பழைய டிஸ்க்கில்தான் இருந்தன.

ஒரு வாரம் நன்றாக ஓடியது. பழைய டிஸ்க்கைப் பத்திரமாக எடுத்து வைப்போம் என்று கழற்றினோம். மறுபடி ஆன் செய்தால், பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. தெரிந்தவரிடம் போனில் கேட்டோம். "எஸ்எஸ்டி போயிருக்கும். ரெண்டையும் மாட்டி மொத்தமா ஃபார்மட் பண்ணிப் பாருங்க" என்றார். அப்படிச் செய்திருந்தால் அத்தாவின் போட்டோ ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. ஆனால் எஸ்எஸ்டியில் எந்தக் கோளாறும் இல்லை. அது எப்படி என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதல் கேள்வி: பயாஸில் பெயர் தெரிகிறதா?

பவர் போட்டதும் மதர்போர்டில் உள்ள பயாஸ்தான் முதலில் இயங்கும். விண்டோஸைத் தொடங்கி வைக்கும் சிறு கோப்பு எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று அது தேடும். கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 பொத்தானைத் தொடர்ந்து தட்டினால் பயாஸ் திறக்கும். (சில லேப்டாப்களில் எஃப்10 அல்லது எஸ்கேப்.) அங்கே எஸ்எஸ்டியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் இணைப்பில். இருக்கிறது என்றால், பெரும்பாலும் செட்டிங்கிலோ பூட் கோப்பிலோதான் கோளாறு.

பெயர் தெரியாவிட்டால்

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். கேபினட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கக்கூடும்.

1. எம்.2 வகை எஸ்எஸ்டி என்றால், கழற்றி, சாய்வாக முழுவதும் உள்ளே செருகி, படுக்க வைத்துத் திருகை முடுக்குங்கள்.

2. எம்.2-வில் சாட்டா, என்விஎம்இ என்று இரு வகை உண்டு. பார்க்க ஒன்றுபோல இருக்கும். தங்க நிற முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஒரு வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. சில மதர்போர்டு ஸ்லாட்டுகள் ஒரு வகையை மட்டுமே ஏற்கும். மதர்போர்டோடு வந்த கையேட்டில் இது இருக்கும்.

3. இரண்டரை அங்குல எஸ்எஸ்டி என்றால் டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது.

பெயர் தெரிந்தும் பூட் ஆகாவிட்டால்

*எஸ்எஸ்டி காலியா?* தனியாக வாங்கும் புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் இருக்காது. 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் அல்லது லினக்ஸை வைத்து, அதிலிருந்து ஏற்ற வேண்டும்.

*பூட் வரிசை சரியா?* பென் டிரைவ்களைக் கழற்றிவிட்டு, பயாஸில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் இருக்கும்படி வையுங்கள்.

*பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கை அப்படியே மாட்டினீர்களா?* பழைய டிஸ்க்குகள் பலவும் எம்பிஆர் முறையில் இருக்கும். புதிய கம்ப்யூட்டர்கள் யுஇஎஃப்ஐ வழியில், ஜிபிடி முறை டிஸ்க்கிலிருந்து பூட் ஆகின்றன. எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. கோப்புகளை அழிக்காமல் மாற்றித் தரும். ஆனாலும் முதலில் பேக்கப் எடுத்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும்.

*விண்டோஸ் ஏற்றியபோது இரண்டு டிஸ்க்குகள் இருந்தனவா?* எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு பூட் பார்ட்டிஷன் இருந்ததால், விண்டோஸ் தன்னைப் புதிய எஸ்எஸ்டியில் ஏற்றிக்கொண்டு, பூட் கோப்பை மட்டும் பழைய டிஸ்க்கில் எழுதிவிட்டது. வீடு ஓரிடம், சாவி வேறிடம்.

அணைத்துவிட்டு பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டினோம். உடனே விண்டோஸ் வந்துவிட்டது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் போய்ப் பார்த்தால், 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' பழைய டிஸ்க்கில் மட்டுமே இருந்தது. முதல் வேலையாகப் போட்டோக்களையும் கணக்குகளையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்தோம். பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, எஸ்எஸ்டியிலேயே அந்தச் சிறு பார்ட்டிஷனை உருவாக்கி, பிசிடிபூட் என்ற கட்டளையால் பூட் கோப்பைக் கடையில் எழுத வைத்தோம். புதிதாக விண்டோஸ் ஏற்றும்போது எஸ்எஸ்டியை மட்டும் மாட்டியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

இரண்டு எச்சரிக்கைகள்

ஹார்டு டிஸ்க்கில் தவறி அழித்ததை ஓரளவு மீட்க வழி உண்டு. எஸ்எஸ்டியில் அழிந்த இடத்தை 'டிரிம்' என்ற ஏற்பாடு தானாகவே துடைத்துவிடும். மீட்பது மிகக் கடினம்.

அடுத்தது, புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்க் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். பயாஸில் கை வைத்தால் 48 இலக்க பிட்லாக்கர் எண்ணைக் கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டியே பழுது என்றால்

வேறு கம்ப்யூட்டரில் மாட்டியும் பெயர் தெரியாவிட்டால் வாரண்டியில் மாற்றித் தரக் கேளுங்கள். அதற்கு பில் முக்கியம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால், விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

பழுதான எஸ்எஸ்டிக்குப் பதில் இன்னொன்று வாங்கிவிடலாம். அத்தாவின் போட்டோவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே முதலில் நகல், அதன் பிறகே பழுதுபார்ப்பு. இன்றைக்கே ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள்.